தொட்டியில் கரைத்த ஐந்து மாத்திரைகள்

என் பேத்திக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரைகளில் ஐந்தை நான் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் கரைத்து ஊற்றினேன். அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது பக்கத்து அறையில் என் செருப்பில் ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருக்கிறாள். அவள் நன்றாக இருப்பதால்தான் என்னால் இதை எழுத முடிகிறது.

எனக்கு வயது எழுபத்திரண்டு. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பத்தோரு வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். வேதியியலில் பட்டம், அதற்கு மேல் பீங்கான் தொழில்நுட்பப் படிப்பு. எந்த மண் எவ்வளவு சுருங்கும், பீங்கான் மேல் பூசும் மெருகுப்பூச்சு எந்தச் சூட்டில் உருகும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஓய்வுக்குப் பிறகும் தெருவில் யாராவது மருந்து அட்டையையோ உரப்பையையோ எடுத்துவந்து, "சார், இதுல இன்னா கலந்திருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று நிற்பார்கள். சொல்வேன். எனக்குத் தெரியும் என்ற நினைப்பு அப்படியே வளர்ந்துவிட்டது.

மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. மகன் பாலு சார்ஜாவில் இருக்கிறான். வீட்டில் நானும் மருமகள் சங்கீதாவும் ஒன்றேகால் வயது இனியாவும்தான். சங்கீதா தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். காலை எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினால் திரும்ப நாலரை ஆகும். அதுவரை குழந்தை என் பொறுப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை இனியாவுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. மத்தியானத்துக்குள் ஆறு தடவை, தண்ணீராக. சங்கீதா லீவு போட்டாள். சாயங்காலம் எங்கள் பகுதிக்கு வரும் நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, உப்புக்கரைசல் பொட்டலங்களும் பதினாலு மாத்திரை கொண்ட ஓர் அட்டையும் கொடுத்தார்.

"ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டரு தண்ணி. கொதிக்க வச்சி ஆறினது. கொஞ்சம் டம்ளர்ல, கொஞ்சம் பொட்டலத்துலன்னு பிரிச்சி வைக்கிற வேல வேணாம். வெளிய போகப் போக கரண்டி கரண்டியா குடுத்துக்கிட்டே இருங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் வுட்டுட்டு மறுபடியும் குடுங்க. இந்த மாத்திர ஜிங்க்கு. தெனம் ஒண்ணு, ஒரு கரண்டி தண்ணியில கரைச்சி. பதினாலு நாளும் குடுக்கணும். நின்னுடுச்சின்னு நடுவுல நிறுத்தக் கூடாது, சொல்லிட்டேன்."

சங்கீதா அன்றும் சனி, ஞாயிறிலும் சொன்னபடியே கொடுத்தாள். தடவை குறைந்ததே தவிர நிற்கவில்லை. திங்கட்கிழமை திருப்புதல் தேர்வு ஆரம்பம். இனி லீவு கிடைக்காது. ஞாயிறு மாலை என்னிடம் அட்டையைக் கொடுத்து, "காலைல பத்து மணிக்கு மாமா, ஒரு மாத்திர" என்றாள்.

அப்போதுதான் அட்டையின் பின்புறத்தை முழுதாகப் படித்தேன்.

எனக்கு ஜிங்க் என்றால் மூட்டை. துத்தநாக ஆக்சைடு. மெருகுப்பூச்சு அறையில் வெள்ளை மூட்டைகளாக அடுக்கியிருக்கும். முகமூடி இல்லாமல் அதைப் பிரிக்கக் கூடாது என்று நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். துத்தநாகம் பூசிய குழாயை வெல்டிங் வைத்த ஒருவர், அந்தப் புகையை இழுத்துவிட்டுக் குளிர்காய்ச்சலில் நடுங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதை ஒன்றேகால் வயதுக் குழந்தையின் வாயில் பதினாலு நாள் போடுவதா?

"இது மெருகுல போடுற சரக்கும்மா" என்றேன்.

சங்கீதா விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டே சிரித்தாள். "அது பெயிண்ட்டு மாதிரி மாமா. இது மாத்திர. நர்ஸம்மாவுக்குத் தெரியாதா?"

அவள் சிரித்ததில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் எல்லாரும் என்னிடம் படித்துச் சொல்லக் கேட்டு நிற்கிற தெருவில், என் வீட்டில், எனக்குத் தெரியாது என்று ஆகிவிட்டது. வேறு காரணம் தேடி எழுதினால் அது பொய். அந்தச் சிரிப்புதான் காரணம்.

திங்கள் காலை பத்து மணிக்கு மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தேன். கரண்டியில் கரைத்தேன். தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். அட்டையில் ஒரு குழி காலியாயிற்று. சாயங்காலம் சங்கீதா அட்டையைப் பார்த்து, "குடிச்சாளா மாமா?" என்று கேட்டாள். "குடிச்சா" என்றேன்.

சாப்பாட்டு உப்பில் சோடியம் இருக்கிறது. தனிச் சோடியத்தைக் கையில் பிடித்தால் கை வெந்துபோகும். ஒரு பொருள் எதனோடு சேர்ந்து எந்த அளவில் இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று பயிற்சிக்கு வந்த பையன்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பாடம் அன்றைக்கு எனக்கு உதவவில்லை.

மருந்தை மட்டும் நிறுத்தியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. பதிலுக்கு ஒன்று கொடுத்தேன். என் சிறு வயதில் கம்பவுண்டர்கள் வயிற்றுப்போக்குக்கு ஒரு வெள்ளைக் கலவையைப் பாட்டிலில் தருவார்கள். குலுக்கிவிட்டுக் குடிக்க வேண்டும். அதில் இருந்தது சைனா கிளே. பீங்கான் செய்கிற அதே வெள்ளைக் களிமண். ஓய்வு பெற்ற அன்று நினைவாக எடுத்துவந்த மாதிரி ஒன்று என் அலமாரியில் ஒரு கண்ணாடிப் புட்டியில் இருந்தது, நன்றாக அலசி வடித்த சுத்தமான மண். அதை வாணலியில் வறுத்து, மஸ்லின் துணியில் சலித்து, கஞ்சியில் ஒரு கரண்டி கலந்து கொடுத்தேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை.

சார்ஜாவிலிருந்து பாலு, "ப்ரோபயாட்டிக்னு பவுடர் இருக்குது, வாங்கிக் குடுங்க, இங்க எல்லாரும் அதான் குடுக்கறாங்க" என்று சொல்லியிருந்தான். குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமிகள், தயிரில் இருப்பதைப் போன்றவை. அதை மட்டும் தவறாமல் ஆறின தண்ணீரில் கலந்து கொடுத்தேன். பிள்ளைக்கு மருந்து போகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள அது போதுமாக இருந்தது.

புதன்கிழமை மலம் கெட்டியாகத் தெரிந்தது. எனக்குள் ஒரு பெருமிதம். சங்கீதாவும் துணியைப் பார்த்துவிட்டு, "நின்னுடும் போலிருக்கு மாமா. உப்புத்தண்ணி இன்னும் கலக்கணுமா?" என்று கேட்டாள்.

"போதும்மா. கெட்டியாயிடுச்சே. கஞ்சியே குடுக்கலாம்" என்றேன்.

வெள்ளி மத்தியானம் இனியா என் மடியில் கிடந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, என்னைப் பார்க்காமல் மூடிக்கொண்டாள். கண்கள் குழிக்குள் போயிருந்தன. அழ முயன்றாள், கண்ணீர் வரவில்லை. காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சங்கீதாவுக்குப் போன் பண்ணிவிட்டு ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பிள்ளைகள் வார்டு டாக்டர் சிறிய பெண். என் பேத்தியின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து விட்டார். அது உடனே சமமாகவில்லை. ஒரு மடிப்பாக நின்று மெதுவாகப் படிந்தது. உடம்பில் தண்ணீர் வற்றிப்போனதற்கு அதுதான் அடையாளமாம். சூளையில் வைக்கும் முன்பே சீக்கிரம் காய்ந்துபோன பச்சைமண் பாத்திரத்தை எத்தனை முறை இப்படித் தொட்டுப் பார்த்து ஒதுக்கியிருக்கிறேன்.

நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் குத்தி, கடைசியில் காலில் கிடைத்தது. சலைன் முதல் அரை மணி நேரம் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கியது. அதற்குள் சங்கீதா வந்து சேர்ந்தாள். விரல்களில் சிவப்பு மை. குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மருந்து என்னம்மா குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த குழந்தையின் பையிலிருந்து சங்கீதா அட்டையை எடுத்துக் காட்டினாள். "ஒரு நாள் கூட விடல டாக்டர்."

டாக்டர் காலிக் குழிகளை எண்ணினார். எட்டு. "கரெக்டா குடுத்திருக்கீங்க" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனியா கொஞ்சம் தெளிந்து, உதட்டை நக்கிக் கரைசல் கேட்டாள். ஆனால் துணியில் வேறொன்று தெரிந்தது. மலம் சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தது. டாக்டர் நெடுநேரம் பார்த்தார்.

"வேற ஏதாச்சும் குடுத்தீங்களா? நாட்டு மருந்து, பவுடர்?"

"கஞ்சியும் ப்ரோபயாட்டிக்கும்தான் டாக்டர்" என்றாள் சங்கீதா. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டாக்டர் என்னையும் பார்த்தார். வேறு இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மலத்துக்கு மஞ்சள் நிறம் தருவது கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர். அது குடலுக்கு வராமல் அடைபட்டால் மலம் வெளுத்துவிடும். டாக்டர் அதைத்தான் சந்தேகப்பட்டார். கல்லீரல் சோதனைக்கென்று மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். ஒரு சிறு குப்பி நிறைய. அந்தக் குழந்தையிடம் எடுக்க அவ்வளவு இருந்ததா என்று இன்றும் நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் பாலு வீடியோவில் வந்தான். பயத்தில் பேசினான், பயம் கோபமாக வெளியே வந்தது.

"ஸ்கூலு ஸ்கூலுன்னு ஓடாதன்னு நான் சொன்னேனா இல்லயா? புள்ளைய பாக்கறத விட உனக்கு பரீச்ச பெருசா?"

சங்கீதா போனைக் குழந்தையின் பக்கம் திருப்பிக் காட்டினாள். வைத்தபின் என்னிடம், "நாந்தான் மாமா. சாக்பீஸ் கையோட வந்து தூக்கியிருப்பேன். கை கழுவுனேனான்னு யோசிச்சி யோசிச்சி பாக்கறேன், ஞாபகம் வரல" என்றாள்.

அவள் கழுவாமல் குழந்தையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. அதையாவது சொல்லியிருக்கலாம். "வுடும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த கட்டிலில் கம்மாபுரத்துப் பெண் செல்வி, இரண்டு வயது மகனோடு இருந்தாள். அவனுக்கும் வயிற்றுப்போக்கு, தேறிவிட்டான். எங்களுக்கு இட்லி வாங்கிவந்ததும், வெந்நீருக்கு வழி காட்டியதும், சங்கீதாவை வற்புறுத்தி ஒரு மணி நேரம் தூங்க வைத்ததும் அவள்தான். "ஊத்திக் குடுத்தா குடிக்க மாட்டான் தாத்தா. எங்கிட்டருந்து பிடுங்கிக் குடிச்சாத்தான் அவனுக்கு எறங்கும். அப்படியே அவங்கப்பன்" என்று மகனைக் காட்டிச் சொன்னாள். அவன் கட்டிலிலும் அதே ஜிங்க் அட்டை கிடந்தது. பதினோராவது மாத்திரை. அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தான்.

நான் அந்த அட்டையையே பார்த்தேன். தயங்கித் தயங்கி டாக்டரிடம், பொதுவாகக் கேட்பது போல, இந்த ஜிங்க் எதற்கு என்று கேட்டேன்.

"வயித்தால போகும்போது உடம்புல இருக்குற ஜிங்க்கும் சேந்து போயிடுதுங்க அய்யா. குடலோட உள்தோல் புண்ணாகியிருக்கும். அது திரும்ப வளர ஜிங்க் வேணும். சீக்கிரம் நிக்கும், அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்குத் திரும்ப வர்றதும் கொறையும். அதான் நின்னாலும் பதினாலு நாளும் குடுக்கச் சொல்றோம்."

"ப்ரோபயாட்டிக்?"

"சில பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் முன்னாடி நிக்கலாம். பல பேருக்குப் பெரிய வித்தியாசம் தெரியல. குடுத்ததுல பயமில்ல. ஆனா அத நம்பி உப்புக்கரைசலயும் ஜிங்கயும் விட்டுடக் கூடாது."

அப்போதும் நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். குழந்தை தேறிக்கொண்டுதானே இருக்கிறது, நிறம் தானாக மாறிவிடும், யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன். இதுதான் என் குற்றங்களிலேயே பெரியது. முதலாவது அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இது அப்படியல்ல.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். மலம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. ரத்தச் சோதனை முழுதாக வரவில்லை. "காத்திருக்க வேணாம்மா. பாண்டிச்சேரிக்கு அனுப்பிடறேன். அங்க ஸ்கேன் பண்ணிப் பாக்கட்டும்" என்று சங்கீதாவிடம் சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதத் தொடங்கினார். நர்ஸ் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினார்.

சங்கீதா குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். ஒரு சின்ன கவுனை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். காலில் ஊசியோடு, இப்போதுதான் கண் திறந்த குழந்தை, இரண்டரை மணி நேரம் ஆம்புலன்சில். அங்கே மறுபடி ஊசி, மறுபடி ரத்தம். என் வாயைத் திறந்தால் நின்றுவிடக்கூடிய பயணம்.

மேசைக்குப் போனேன்.

"டாக்டர், அது பித்தம் இல்ல. களிமண்ணு."

அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் நிமிர்ந்தார். "என்ன?"

"சைனா கிளே. அஞ்சு நாளா கஞ்சியில கலந்து குடுத்தேன். திங்கட்கிழமையிலருந்து ஜிங்க் குடுக்கல. மாத்திரைய எடுத்துத் தொட்டியில ஊத்திட்டேன். மருமகளுக்குத் தெரியாது. உப்புக்கரைசல நிறுத்தச் சொன்னதும் நாந்தான். அவ மேல ஒண்ணும் இல்ல."

என் பின்னால் பை கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

டாக்டர் திட்டவில்லை. எந்த மண், எங்கிருந்து எடுத்தது, ஒரு வேளைக்கு எவ்வளவு, மெருகு கலந்ததா, ஈயம் இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். முப்பத்தோரு வருடம் அறிக்கை எழுதியவன் அன்று ஒழுங்காகப் பதில் சொன்னேன். மெருகு கலக்காத மண், ஈயம் இல்லை என்றேன். அதற்கும் ரத்தத்தில் ஒரு சோதனை சேர்த்தார். "ஆம்புலன்ஸ் இப்ப வேணாம், நாளைக்குக் காலை வரைக்கும் பாப்போம்" என்று நர்ஸிடம் சொன்னார்.

பிறகு என்னிடம், "அந்தக் காலத்துல குடுத்துக்கிட்டிருந்தாங்க. இப்ப யாரும் குடுக்கறதில்ல. பாக்கத்தான் கெட்டியா தெரியும். தண்ணியும் உப்பும் போறது நிக்காது" என்றார்.

அந்த வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கியது. கைக்குக் கெட்டியாக இருக்கும் களிமண் உருண்டையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கும். இதைச் சூளைக்கு முன்னும் பின்னும் எடைபோட்டுப் பார்ப்பதே என் பிழைப்பு. மலம் கெட்டியாக இருந்ததால் தண்ணீர் குழந்தைக்குள் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அது மண்ணோடு சேர்ந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் உப்புக்கரைசலையும் நிறுத்தச் சொன்னேன்.

"நான் ஜிங்க்க நிறுத்தினதாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

"அப்படி உறுதியா சொல்ல முடியாதுங்க அய்யா. குடுத்திருந்தா சீக்கிரம் நின்னிருக்கலாம். உப்புக்கரைசல விட்டதுதான் இங்க கொண்டாந்துடுச்சு."

தண்டனை போல ஒரு பதில் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் உண்மையை மட்டும் சொன்னார்.

கட்டிலுக்கு வந்தேன். சங்கீதா குழந்தையின் வாயில் கரைசல் கரண்டியை வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல மாமா. ராத்திரி பூரா என் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் போனை வாங்கி நானே பாலுவைக் கூப்பிட்டேன். "அவள திட்டினியே, அது என்னைத் திட்ட வேண்டியது" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்களாப்பா" என்றான். பிறகு, "அவகிட்ட குடுங்க." சங்கீதா போனை வாங்கிக்கொண்டு வராண்டாவுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

ஞாயிறு காலை துணியைப் பிரித்த செல்விதான் முதலில் பார்த்தாள். "அக்கா, மஞ்சளு" என்றாள். சங்கீதா குனிந்து பார்த்தாள், நர்ஸைக் கூப்பிட்டாள், நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டார். நாலு பேர் ஒரு துணியைச் சுற்றி நின்றோம். "இதுக்கு இவ்ளோ சந்தோஷப்படுற குடும்பத்த நான் பாத்ததே இல்ல" என்று செல்வி சொல்ல, சங்கீதா இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல. கல்லீரல் முடிவும் சரியாக வந்தது. பிறகு வந்த ஈயச் சோதனையிலும் ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். புது அட்டை கொடுத்து முதலிலிருந்து பதினாலு நாள் என்றார்கள். அந்த அட்டையைச் சங்கீதா தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். தினமும் பஸ்ஸுக்கு முன்பு அவளே கரைத்துக் கொடுத்துவிட்டு, அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போவாள். மற்றபடி எப்போதும்போல, "மாமா, சாப்பிட்டீங்களா", "மாமா, கதவ சாத்திக்குங்க" என்பாள். நான் புட்டியைக் கொல்லையில் கொட்டிப் புதைத்தேன். தெருவில் அட்டையோடு வந்தவர்களிடம், "நர்ஸம்மாகிட்ட கேளுங்க" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு பேரிடம் ஏன் என்றும் சொன்னேன்.

பதினாலாம் நாள் காலை மேசையில் கரண்டியும் ஆறின தண்ணீரும் இருந்தன. பக்கத்தில் அட்டை, கடைசி மாத்திரையோடு. சங்கீதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"மாமா, இன்னிக்கு நீங்க குடுங்க" என்றாள்.

பிதுக்கினேன். கரைத்தேன். கொஞ்சம் மேசையில் சிந்தியது. இனியா முகத்தைச் சுளித்தாள், பாதியைத் துப்பப் பார்த்தாள், பிறகு விழுங்கினாள். தெருமுனையில் பஸ் ஹார்ன் அடித்தது. கரண்டியில் மிச்சம் ஒட்டியிருந்ததைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதையும் ஊட்டினேன். சங்கீதா கிளம்பவில்லை. கரண்டி காலியாகும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.